பாதி நினைவில் எஞ்சிய படம்
இரத்தக்காட்டேரிச் சித்திரப் படமொன்றை இனங்காண்டல் பற்றிய சில சிந்தனைகள்

1

சிறுவயதிற் பார்த்த திரைப்படமொன்றின் பெயரை மறந்துவிட்டு, அதன் ஓரிரு காட்சிகளை மட்டும் ஆண்டுக்கணக்காகச் சுமந்து திரிதல் பலருக்கும் பொதுவான அனுபவமாகும். அப்படத்தின் பெயரைத் தேடி அறிதல் வெறும் ஆவலைத் தீர்த்துக்கொள்ளும் முயற்சி என்றே பெரும்பாலோர் கருதுவர். ஆயின் இம்முயற்சியைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து, இலக்கிய ஆய்வாளர் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் சில பிரச்சினைகளையே அது வேறொரு களத்தில் எழுப்புகின்றது என்பது புலனாகும். எஞ்சிய சிதறல்களிலிருந்து முழுமையை எவ்வாறு ஊகிப்பது? ஒரு படைப்புக்கே உரிய கூறு எது. அப்படைப்புச் சார்ந்த வகைக்கெல்லாம் பொதுவான கூறு எது? சாட்சி சொல்பவனின் மனம் சாட்சியத்தை எந்த அளவுக்கு மாற்றியிருக்கின்றது? வளையாபதியைப் புறத்திரட்டிலும் உரைகளிலும் எஞ்சிய செய்யுள்களைக் கொண்டே அறிய நேர்ந்த நமக்கு இவ்வினாக்கள் புதியனவல்ல.

சித்திரப் படங்களைப் பொறுத்தவரை இப்பிரச்சினை மேலும் சிக்கலடைகின்றது. கார்ட்டூன் என நாம் பொதுவாக வழங்கும் இப்படங்கள் சிறுவர்க்கு உரியவை என்ற எண்ணம் வலுவாக வேரூன்றியுள்ளமையால், வளர்ந்தோர்க்கென ஆக்கப்பட்ட படங்களும் சிறுவர் கையிலேயே வந்து சேர்கின்றன. பார்த்தவன் சிறுவன்; படமோ அவனை நோக்கிப் பேசியதன்று. எனவே அவன் நினைவில் எஞ்சுவது படம் கூறிய பொருளாக இராது, அவன் அஞ்சியதும் வியந்ததுமான உருவங்களாகவே இருக்கும். இக்கட்டுரை அத்தகைய நினைவொன்றை எடுத்துக்கொண்டு, அதற்குரிய படத்தை இனங்காணவும், இனங்கண்டபின் அப்படத்தையும் அந்நினைவையும் ஒருங்கே மதிப்பிடவும் முயல்கின்றது.

2

இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும் நினைவு இக்கட்டுரையாளனுடையதே. 2000களின் முற்பகுதியில், பத்து வயதளவில், உறையும் பெயரும் இன்றிக் கைமாறிவந்த இறுவட்டிற் பார்த்த படம் அது. தொடக்கம் பார்க்கப்படவில்லை, எழுத்துக்கள் ஓடும் பகுதியும் நினைவில் இல்லை. எஞ்சியவை ஐந்து காட்சிகள்.

முதலாவது, அகன்ற தொப்பியும் கரிய அங்கியும் அணிந்த ஒருவன் வெறுமையான நிலத்திற் குதிரையிற் செல்லுதல். இரண்டாவது, அவனது உள்ளங்கையில் ஒரு முகம் தோன்றி அவனோடு பேசுதல். மூன்றாவது, கழுத்திற் பற்தடம் பட்ட பெண்ணொருத்தியை ஊரவர் வெறுப்போடு நோக்குதல். நான்காவது, பெருங்கோட்டையொன்று தீ உமிழ்ந்தவாறு வானத்தை நோக்கி எழுதல். ஐந்தாவது, யாரோ ஒருவரின் அடக்கச் சடங்கு நடைபெறுகையில் அக்குதிரைவீரன் தொலைவில் தனித்து நிற்றல். இவற்றை இணைக்கும் கதை எதுவும் நினைவில் இல்லை. கதையின் இடத்தில் இருந்தது ஓர் உணர்வு மட்டுமே: தீயவர் அழிந்தனர், நல்லவன் வென்றான் என்ற நிறைவு.

இந்த ஐந்தும் ஒரே தகுதியுடைய சான்றுகள் அல்ல. கரிய அங்கி, பற்தடம், கோட்டை என்பன இரத்தக்காட்டேரிக் கதைகள் அனைத்துக்கும் பொதுவானவை. அவற்றைக் கொண்டு ஒரு படத்தை இனங்காண முயல்வது, நிலவும் குயிலும் வருகின்றன என்பதைக் கொண்டு ஒரு காதற் கவிதையின் ஆசிரியரைக் கண்டறிய முயல்வதை ஒக்கும். வகையின் மரபுகளை முதலில் அறிந்து அவற்றைக் கழித்தால் மட்டுமே தனிப்படைப்பின் அடையாளம் வெளிப்படும்.

3

இரத்தக்காட்டேரிக் கதைகளின் மரபு நாம் எண்ணுமளவுக்குப் பழையதோ மாறாததோ அன்று. ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கைகளில் இவ்வுருவம் நெடுங்காலமாக உலாவி வந்தபோதும், ஆங்கில இலக்கியத்தில் அதைப் பிரபுவாக உடுத்தி உலாவவிட்டவர் பொலிடோரி என்பவர். அவரது கதை 1819ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1872இல் லெ பானுவின் 'கார்மில்லா' தோன்றிற்று. பிராம் ஸ்ரோக்கரின் 'டிராக்குலா' 1897இல் வெளியாயிற்று.

இன்று சிறுவனும் அறிந்த விதியொன்று உண்டு: சூரிய ஒளி பட்டால் இரத்தக்காட்டேரி அழிந்துவிடும் என்பது. ஸ்ரோக்கரின் நாவலில் இவ்விதி இல்லை. அங்கு டிராக்குலா பிரபு பட்டப்பகலில் இலண்டன் வீதியில் நடமாடுகின்றான். பகலில் அவனது ஆற்றல்கள் குன்றுகின்றனவேயன்றி அவன் எரிந்து போவதில்லை. இறுதியில் அவனைக் கொல்வன கத்திகளே. கதிரொளியாற் கரைந்தழிதல் என்பது ஜேர்மன் நெறியாளர் முர்னௌ 1922இல் ஆக்கிய 'நொஸ்பெராத்து' என்னும் மௌனப் படத்தின் கொடை. ஒளியாலேயே ஆக்கப்படும் சினிமா என்னும் கலை, இருளின் உருவத்தை ஒளியாலேயே அழித்தது பொருத்தமானதே. உரிமை பெறாது எடுக்கப்பட்டதென ஸ்ரோக்கரின் மனைவி தொடுத்த வழக்கின் விளைவாக, அப்படத்தின் பிரதிகளை அழிக்குமாறு 1925இல் நீதிமன்றம் ஆணையிட்டது. எனினும் சிதறிக்கிடந்த பிரதிகளினால் அப்படம் தப்பிற்று. அது கண்டுபிடித்த விதியும் உலகெங்கும் பரவிற்று. 1958இல் ரெறன்ஸ் பிஷரின் நெறியாள்கையில் ஹாமர் நிறுவனம் வெளியிட்ட 'டிராக்குலா'விலும், திரைச்சீலை கிழிக்கப்பட்டுப் பாயும் பகலொளியே பிரபுவை அழிக்கின்றது.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனின், ஒவ்வொரு இரத்தக்காட்டேரிப் படமும் வெயிலுக்கு என்ன விடை கூறுகின்றது என்று வினவுதல் அதை இனங்காண்பதற்குரிய நல்ல வழிகளுள் ஒன்று என்பதாகும். இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு, நினைவுக்குப் பொருந்தக்கூடிய சித்திரப் படங்களை ஒவ்வொன்றாக நோக்கலாம்.

யப்பானின் தோயெய் நிறுவனம் 1980இல் தொலைக்காட்சிக்கென ஆக்கிய டிராக்குலாப் படம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் மார்வெல் நிறுவனச் சித்திரக்கதையைத் தழுவியது அது. நிகழ்களம் பொஸ்ரன் நகரம். தன் ஆற்றலை இழந்த டிராக்குலா பசி தாளாது ஹம்பர்கர் உண்ணும் காட்சி அதில் வருகின்றது. அதனை ஒருமுறை கண்டவர் மறத்தல் அரிது. எமது நினைவில் நகரமும் இல்லை, அவ்வுணவும் இல்லை. ஆகவே அப்படம் விலக்கப்படுகின்றது.

2000ஆம் ஆண்டில் ஹிரோயுக்கி கித்தாகுபோ நெறிப்படுத்திய 'பிளட்: த லாஸ்ற் வம்பயர்' 1966இல் யப்பானிலுள்ள அமெரிக்க விமானப்படைத் தளமொன்றை மையமாகக் கொண்டது. வாளேந்திய பெண்ணே அதன் நாயகி. அதுவும் பொருந்தாது.

கியூபா நாட்டின் ஹுவான் பத்ரோன் 1985இல் ஆக்கிய 'ஹவானாவில் இரத்தக்காட்டேரிகள்' வெயிலுக்கு முற்றிலும் வேறான விடையைக் கூறுகின்றது. வெயிலைத் தாங்கச் செய்யும் பானமொன்றை விஞ்ஞானி ஒருவர் அங்கு கண்டுபிடிக்கின்றார். அதனை அருந்தி வளர்ந்த அவரது மருமகன், தான் இரத்தக்காட்டேரி என்பதையே அறியாது வெயிலில் உலாவி எக்காளம் ஊதுகின்றான். எமது குதிரைவீரனுக்கும் இவ்விசைக்கலைஞனுக்கும் தொடர்பில்லை. எனினும் இப்படத்துக்கு நாம் பின்னர் மீளவேண்டியிருக்கும்.

எஞ்சியது உள்ளங்கை முகம். இது வகையின் பொதுச்சொத்தன்று. எந்த நாட்டார் மரபிலிருந்தும் இயல்பாக வந்து சேர்ந்ததுமன்று. இது ஓர் எழுத்தாளரின் தனிக்கற்பனை. அவர் யப்பானிய நாவலாசிரியர் ஹிதேயுக்கி கிக்குச்சி. 1983இல் வெளிவந்த 'வம்பயர் ஹன்ரர் டி' என்னும் அவரது நாவலின் நாயகன் டி. அவனது இடது கையில் வேறொரு உயிர் குடிகொண்டுள்ளது. அதற்கு முகமும் குரலும் உண்டு. நாயகன் பேசாதவன், கையோ ஓயாது பேசுவது, ஏளனம் செய்வது, சில வேளைகளில் அவன் உயிரையே காப்பது. அகத்திணை மரபில் தலைவன் தன் நெஞ்சோடு கிளத்தலை நாம் அறிவோம். அங்கு நெஞ்சு பெரும்பாலும் மறுமொழி கூறுவதில்லை. இங்கு நெஞ்சினிடத்தைப் பெற்ற கை வாய் திறந்து எதிர்வாதம் புரிகின்றது. மௌனமான நாயகனைக் கதைக்குள் இயங்கவைக்கும் உத்தி என்ற வகையில் இது சிறந்ததொரு கற்பனையாகும்.

இவ்வாறு படம் இனங்காணப்பட்டது எனலாமா? அவ்வாறு கூற முடியவில்லை. ஏனெனில் இந்நாயகனைக் கொண்ட படங்கள் இரண்டு உள்ளன.

4

முதற் படம் தோயோ அஷிதாவின் நெறியாள்கையில் 1985ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்தது. திரையரங்கையோ தொலைக்காட்சியையோ நம்பாது, நேரடியாக வீடியோ நாடாவாகவே விற்பனைக்கு விடப்படும் சித்திரப் படங்கள் யப்பானில் 1983இல் தோன்றின. அப்புதிய சந்தைக்கென எழுந்த தொடக்ககாலப் படங்களுள் இதுவும் ஒன்று. தொலைக்காட்சியின் கட்டுப்பாடுகள் அற்ற அச்சந்தையே குருதியும் கொடூரமும் மலிந்த இத்தகைய படங்களுக்கு இடமளித்தது. 1992இல் அமெரிக்காவின் ஸ்ரிறீம்லைன் நிறுவனம் ஆங்கிலக் குரல் சேர்த்து இதனை வெளியிட்டது. இரண்டாவது படம் யொஷியாக்கி கவஜிரியின் நெறியாள்கையில் மட்ஹவுஸ் நிறுவனத்தால் 2000ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட 'பிளட்லஸ்ற்'. இது கிக்குச்சியின் மூன்றாவது டி நாவலைத் தழுவியது.

நினைவிலுள்ள காட்சிகளை இவ்விரு படங்களோடும் ஒப்பிட்டபோது கிடைத்த முடிவு எதிர்பாராதது. குதிரைவீரனும் கைமுகமும் இரு படங்களுக்கும் பொதுவானவை. பற்தடம் பட்டு ஊராரால் ஒதுக்கப்படும் பெண் 1985ஆம் ஆண்டுப் படத்தின் டோரிஸ் ஆவாள். வானை நோக்கி எழுவது 2000ஆம் ஆண்டுப் படத்தில் வருகின்றது. அங்கு கோட்டையோடு பிணைந்திருந்த பழைய விண்கலம் நெருப்பைக் கக்கியவாறு மேலெழுகின்றது. அடக்கச் சடங்கும் அப்படத்தின் முடிவுரையே. ஆகவே சிறுவன் பார்த்ததாக நம்பிய படம் எக்காலத்தும் எவராலும் ஆக்கப்படவில்லை. பதினைந்து ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு நெறியாளர்களால், வெவ்வேறு நிறுவனங்களில் ஆக்கப்பட்ட இரு படங்களை அவன் மனம் ஒன்றாகத் தைத்திருந்தது.

நினைவு என்பது பதித்ததைப் பதித்தவாறே மீட்டுத்தரும் களஞ்சியம் அன்று, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டியெழுப்பப்படுவது என்பதைக் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெட்றிக் பார்ட்லெற் 1932இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயரிடம் வாசிக்கக் கொடுத்துக் காலம் இடையிட்டு அதனை மீளச் சொல்லவைத்தபோது, அவர்கள் அதைச் சுருக்கினர். தமக்கு விளங்காதவற்றை விட்டனர். அந்நியமானவற்றைத் தமக்குப் பழக்கமானவையாக மாற்றினர். மறதி குருட்டுத்தனமானதன்று, அது மறப்பவனின் பண்பாட்டுக்கு இசைய இயங்குவது என்பதே அவரது ஆய்விலிருந்து நாம் பெறக்கூடிய பாடம். அவ்வாறாயின், எமது தேடலிற் கேட்கவேண்டிய வினா மாறுகின்றது. எந்தப் படம் என்பதோடு நில்லாது, நினைவு எதை விட்டது, ஏன் விட்டது என்றும் கேட்டல் வேண்டும்.

5

1985ஆம் ஆண்டுப் படத்தை வளர்ந்தபின் மீண்டும் பார்த்தபோது, நினைவில் ஒரு சுவடுமின்றி அழிந்துபோயிருந்த பாத்திரம் ஒன்று எதிர்ப்பட்டது. அவள் இலமிக்கா, மக்னஸ் லீ பிரபுவின் மகள்.

கிக்குச்சியின் உலகு நம் காலத்துக்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு அப்பாற்பட்ட எதிர்காலம். அங்கு இரத்தக்காட்டேரிகளுக்கு வழங்கும் பெயர் 'பிரபுக்கள்' என்பதாகும். இப்பெயர் தற்செயலானதன்று. அவர்கள் நெடுங்காலம் ஆண்டு இப்போது நலிந்துவரும் ஓர் ஆளும் வர்க்கம். கீழே நிலத்தில் உழைத்து வாழும் குடியானவர்கள் மனிதர்கள். கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற் பாகத்தில் உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் மூலதனத்துக்கு இரத்தக்காட்டேரியை உவமித்தார். கிக்குச்சியின் பிரபுக்கள் அவ்வுவமைக்கும் முந்திய நிலமானிய உருவங்கள். லீ பிரபு சலிப்பினால் ஒரு குடியானவப் பெண்ணைத் தீண்டுகின்றான். அவளை மணக்கவும் எண்ணுகின்றான். இதனை மூர்க்கமாக எதிர்ப்பவள் அவன் மகளே. மனிதக் குருதி தம் குலத்துட் கலத்தலாகாது என்பது அவள் வாதம். டோரிஸை அவள் வெறுக்கின்றாள். டி கலப்புக் குருதியினன் என்பதால் அவனை இழிவாக நோக்குகின்றாள்.

டி இரத்தக்காட்டேரித் தந்தைக்கும் மனிதத் தாய்க்கும் பிறந்தவன். இத்தகையோர் இரத்தக்காட்டேரிகளை இனங்கண்டு அழிக்கும் ஆற்றல் உடையோர் என்பது பால்கன் நாடுகளின் நாட்டார் நம்பிக்கை. வெயிலுக்கு இப்படங்கள் கூறும் விடையும் டியின் உடலிலேயே உள்ளது. அவன் பகலில் உலாவ வல்லவன். ஆயின் வெயில் அவனுக்கு முழுதும் உறவன்று. இரண்டாவது படத்தில் பகல் வெப்பத்தால் நோயுற்று நிழலில் ஒதுங்கிக் கிடக்கின்றான். இருளுக்கும் ஒளிக்கும் இடையில் எவ்விடத்தும் முழுமையாகச் சேராத வாழ்வு அவனுடையது.

இலமிக்காவின் கதையில் இறுதியில் வெளிப்படும் உண்மை இதுதான்: அவளது தாயும் ஒரு மனிதப் பெண். எவரைக் கலப்பினர் என்று இகழ்ந்தாளோ அவர்களுள் அவளும் ஒருத்தி. கோட்டை இடிந்து வீழ்கையில், மனிதரோடு சென்று வாழலாம் என்று டி அவளுக்கு ஒரு வழியைத் திறக்கின்றான். அவள் அதை ஏற்கவில்லை. தன் தந்தையோடு, பிரபு குலத்தவளாகவே, அவ்விடிபாடுகளுக்குள் இறக்கத் துணிகின்றாள்.

படத்தின் உள்ளுறையாக அமைந்த துன்பியல் இது. வேட்டையும் வாட்போரும் அதைச் சூழ்ந்த ஆரவாரங்கள். உண்மை தெரிந்தபின்னரும் பொய்யை விடமுடியாத ஒரு மனத்தை இப்பாத்திரம் காட்டுகின்றது. குருதித் தூய்மை என்பது பொய்யென்று அவளுக்குத் தன் உடலாலேயே நிறுவப்பட்டுவிட்டது. இருந்தும் அப்பொய்யின் மீதே அவள் தன்னைக் கட்டியெழுப்பியிருந்தமையால், அதை விடுவதைவிட இறப்பது அவளுக்கு எளிதாயிற்று. அறியாமையை அறிவினால் நீக்கிவிடலாம் என்று நம்புவோர் இவ்விடத்திற் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். குலப்பெருமை அறியாமையினால் மட்டும் நிலைப்பதன்று. அது மனிதர் தமக்கென அமைத்துக்கொண்ட வீடு. இடிந்து விழும்போதும் அதனைவிட்டு வெளியேற மறுப்போர் உளர்.

இப்போது நினைவு செய்த மாற்றத்தின் பொருள் தெளிவாகின்றது. 1985ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு கோட்டை இடிந்து வீழ்கின்றது. அதனுள் ஒரு பெண் இருக்கின்றாள். சிறுவன் மனம் அவ்வீழ்ச்சியை அகற்றிவிட்டு, அதனிடத்தில் வேறொரு படத்திலிருந்து மேலெழும் கோட்டையைக் கொணர்ந்து வைத்துக்கொண்டது. வீழ்ந்த கோட்டைக்குள் இறந்தவளைப் பற்றி எண்ண வேண்டிய கடப்பாடு அதனால் நீங்கிற்று. 'தீயவர் அழிந்தனர்' என்ற நிறைவு குலையாது காக்கப்பட்டது. கையிலே பேசும் முகம் போன்ற விசித்திரம் மனத்தைக் குழப்பவில்லை. ஆதலின் அது நிலைத்தது. தீயவள் எனக் கருதப்பட்டவள் நாயகனின் இனத்தவளே என்ற உறவுதான் மனத்தைக் குழப்பக்கூடியது. ஆதலின் அது மறைந்தது.

6

2000ஆம் ஆண்டுப் படத்தையும் இந்நோக்கில் மதிப்பிடுதல் வேண்டும். கலைவளத்தில் இது முன்னையதை மிக விஞ்சியது. மூல நாவல்களுக்கு ஓவியம் வரைந்த யொஷிதாக்கா அமானோவின் கோடுகள் மெல்லியன, நெளிந்து நீள்வன. 1985ஆம் ஆண்டுப் படம் அவற்றைப் பெரிதும் எளிமைப்படுத்தியே கையாண்டது. அதன் அசைவுகளும் சிக்கனமானவை. கவஜிரியின் படமோ அவ்வோவிய மரபுக்கு நெருங்கி நின்று, அங்கியின் மடிப்பையும் கோட்டையின் சிற்பத்தையும் நுணுக்கமாகத் தீட்டுகின்றது. ஆங்கில உரையாடலை முதலிற் பதிவுசெய்து ஆக்கப்பட்ட யப்பானியப் படம் என்ற சிறப்பும் இதற்குண்டு. தொடக்கத்திலேயே அது உலகச் சந்தையை நோக்கியிருந்தமை இதனாற் புலனாகும்.

கதையும் முன்னதை மறுதலிப்பது போன்றது. மையர் லிங் என்னும் பிரபு சார்லற் என்னும் மனிதப் பெண்ணைக் கவர்ந்து சென்றான் எனக் கூறி, அவளை மீட்க டியை அவள் குடும்பத்தார் கூலிக்கு அமர்த்துகின்றனர். அவள் விரும்பியே உடன்சென்றாள் என்பது பின்னர் தெரியவருகின்றது. நம் மரபில் உடன்போக்கு எனப்படும் நிகழ்ச்சியை ஒத்தது இது. இருவரும் நாடிச் செல்வது விண்மீன்களிடையே உள்ளதாகக் கூறப்படும் ஒரு நகரை. அவர்களது ஆசையைத் தனக்குப் பயன்படுத்தக் காத்திருப்பவள் கார்மில்லா என்னும் ஆவி. லெ பானுவின் கதைப் பெயரை இவள் தாங்கிநிற்றல் கருதத்தக்கது. சார்லற் இறக்கின்றாள். அவள் உடலோடு மையர் லிங் விண்கலத்தில் ஏறி இப்பூமியை விட்டு நீங்குகின்றான். சிறுவன் வெற்றியென எண்ணிய காட்சி உண்மையில் ஒரு பிணத்தைச் சுமந்து செல்லும் பயணம்.

இவ்விரு படங்களும் எழுப்பும் பிரச்சினை ஒன்றே. இரு குலத்தார் கலந்து வாழ இவ்வுலகில் இடமுண்டா? முதற் படத்தில் கலப்பை மறுத்தவள் இறக்கின்றாள்; இரண்டாவதில் கலப்பை விரும்பியவள் இறக்கின்றாள். இரண்டுக்கும் சாட்சியாக நின்று, இரண்டிலும் தனியே செல்பவன் கலப்பிற் பிறந்த டி. இதன்வழி இப்படங்கள் ஓர் உண்மையைத் தொட்டாலும், அதனை அழகிய சோகமாக மாற்றி நின்றுவிடுகின்றன என்ற குறையும் கூறப்படவேண்டியதே. ஏன் இவ்வாறு நிகழ்கின்றது, இதனை மாற்றவல்லோர் யார் என்ற வினாக்கள் அங்கு எழுவதில்லை. தனிமனிதன் ஒருவன் குதிரையேறிச் செல்வதே விடையாக முன்வைக்கப்படுகின்றது. முதற் படத்தில் டோரிஸ் பெரும்பாலும் காக்கப்படவேண்டிய பொருளாகவும் பார்வைக்குரிய உடலாகவும் நடத்தப்படுதலும் மறைக்கவொண்ணாத குறையாகும்.

இவ்விடத்திலேயே கியூபப் படத்தின் முக்கியத்துவம் தெரிகின்றது. அதுவும் 1985ஆம் ஆண்டையே சேர்ந்தது. மச்சாதோவின் சர்வாதிகாரம் நிலவிய 1933ஆம் ஆண்டின் ஹவானாவில் அதன் கதை நிகழ்கின்றது. வெயிலைத் தாங்கும் பானத்தின் சூத்திரத்தைக் கைப்பற்ற ஐரோப்பிய இரத்தக்காட்டேரிகளின் வணிகக் குழுவும் சிக்காகோவின் கொள்ளைக்கும்பலும் போட்டியிடுகின்றன. நாயகன் செய்வது யாது? அச்சூத்திரத்தை வானொலியிற் பாட்டாகப் பாடி, கேட்போர் அனைவர்க்கும் இலவசமாக ஆக்கிவிடுகின்றான். யப்பானியப் படங்களில் வெயில் குருதியால் விதிக்கப்பட்ட எல்லை. கியூபப் படத்தில் அது மருந்தின் உரிமை யாரிடம் உள்ளது என்பதைப் பொறுத்த பிரச்சினை. ஆழத்தில் இலமிக்காவின் துன்பியலுக்கு ஈடான கணம் எதுவும் அக்கேலிப் படத்தில் இல்லை. ஆயினும், விதியெனத் தோன்றுவது பெரும்பாலும் மனிதர் ஆக்கிய ஏற்பாடே என்பதை நகைச்சுவையாற் காட்டும் திறன் அதற்கு உண்டு. ஒன்றின் குறையை மற்றது நிறைக்கின்றது.

டி வந்து நிற்கும் அடக்கச் சடங்கு பற்றி ஒரு சொல். 2000ஆம் ஆண்டுப் படத்தின் வேட்டைக்காரி லைலா, தன் அடக்கத்துக்கு அழுவார் எவரும் இரார் என்று அஞ்சுகின்றாள். பிந்தி வாழ்பவர் முந்தி இறந்தவரின் அடக்கத்துக்கு மலர் கொணர்வது என்று இருவரும் உடன்படுகின்றனர். ஆண்டுகள் பல கடந்து டி அவ்வாறே வருகையில், அவளைச் சூழ உற்றார் பலர் கூடியிருத்தலைக் காண்கின்றான். அவன் மலர் அங்கு தேவைப்படவில்லை. அவளுக்கு ஓர் உலகு அமைந்துவிட்டது, அவனுக்கு அமையவில்லை. சிறுவனின் நினைவில் இக்காட்சி பிழையின்றி எஞ்சியிருந்தது. அதன் பொருளை மட்டும் அவன் அறிந்திருக்கவில்லை.

7

இத்தேடலிலிருந்து பெறப்படும் முடிவுகளைச் சுருக்கிக் கூறலாம். பாதி நினைவிலுள்ள படைப்பை இனங்காண்பதற்கு வகையின் மரபறிவு இன்றியமையாதது. பொதுவானவற்றைக் கழித்த பின்னரே தனித்தன்மை தெரியும். நினைவின் சாட்சியத்தை ஒரே படைப்புக்கு உரியதெனத் தொடக்கத்திலேயே கொள்ளுதல் தவறு. பல படைப்புகள் அங்கு ஒன்றாகியிருக்கலாம். பெயரைக் கண்டறிந்ததும் தேடல் முடிந்ததெனக் கருதுவோர் அதன் பயனிற் பாதியை இழக்கின்றனர். கண்டறிந்த படைப்பைப் பெற்று, நினைவோடு வைத்து ஒப்பிட்டு, எது விடுபட்டது என்பதை நோக்குதல் வேண்டும். விடுபட்டது படைப்பைப் பற்றி மட்டுமன்றி, பார்த்தவனைப் பற்றியும் அவன் வளர்ந்த சூழலைப் பற்றியும் சொல்லும்.

இக்கட்டுரையாளன் தேடிச் சென்றது ஒரு வீரனின் பெயரை. கிடைத்தது ஒரு கோட்டைக்குள் இருந்து வெளிவர மறுத்த பெண்ணின் முகம். குருதியின் தூய்மை பற்றி எங்கே எவர் பேசினும், அப்பேச்சைக் கேட்டு மகிழும் கூட்டத்தில் நாமும் நின்றிருக்கக்கூடும் என்பதையும், நின்றதைப் பின்னர் மறந்திருக்கக்கூடும் என்பதையும் அம்முகம் நினைவூட்டுகின்றது. பத்து வயதில் அக்கோட்டை இடிந்தபோது மகிழ்ந்தவன், அதனுள் ஒருத்தி இருந்தாள் என்பதை அறிந்துகொள்ள இத்தனை ஆண்டுகள் சென்றன.